மகளுக்கு 5,000 ரூபாய்: செத்த பிறகும் 35 ஆண்டு ஆண்ட ஒரு சட்டம்!

திற்பரப்புப் பக்கம் ஏதாவது ஒரு பழைய வீட்டில் பிரமாணப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிரமாணம் என்றால் இங்கே சொத்துப் பத்திரம். வெளியூர்க்காரர்களுக்கு முதல் பார்வையிலேயே தலை சுற்றும். எழுத்து மலையாளமாக இருக்கும். ஆண்டு 1092, 1101 என்று இருக்கும். ஆயிரம் வருஷத்துப் பத்திரமா என்று மலைக்க வேண்டாம். அது கொல்லம் ஆண்டு. 1092 என்றால் நம் கணக்கில் 1916-17.

அருவியில் குளிக்க வருகிறவர்களுக்குத் திற்பரப்பு தமிழ்நாட்டின் ஒரு சுற்றுலாத் தலம். சிவராத்திரியில் 'கோவிந்தா, கோபாலா' என்று ஓடி வரும் சிவாலய ஓட்டக்காரர்களுக்கு அது பன்னிரண்டு கோயில்களில் மூன்றாவது. ஆனால் 1956 அக்டோபர் 31 வரை இந்த ஊர் தமிழ்நாட்டிலேயே இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் முதலில் திருவிதாங்கூர் அரசிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தன. நவம்பர் 1-ஆம் தேதிதான் அவை கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு சேர்ந்தன.

ஊர் சேர்ந்துவிட்டது. ஊரோடு ஒட்டிக்கொண்டிருந்த பழைய சட்டங்கள்? அவற்றில் ஒன்று, மகளுக்கு அப்பன் சொத்தில் எவ்வளவு என்று ரூபாய்க் கணக்கில் எழுதிவைத்த சட்டம். இந்த வாரம் புரட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

அணை கட்டிய அரசர், பங்கு பிரித்த சட்டம்

திற்பரப்பு அருவியில் விழுவது கோதையாற்றுத் தண்ணீர். மேலே பேச்சிப்பாறை அணை. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை, திருவிதாங்கூரை ஆண்ட மூலம் திருநாள் ராம வர்மா காலத்தது. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு இன்றைக்கும் அது சோறு போடுகிறது.

அதே அரசர் காலத்தில், எம். கிருஷ்ணன் நாயர் திவானாக இருந்தபோது, 1916-ல் வந்தது 'திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமை ரெகுலேஷன்'. கொல்லம் 1092-ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டம். திருவிதாங்கூரில் சட்டத்துக்கு 'ரெகுலேஷன்' என்று பெயர். இப்படிப்பட்ட ரெகுலேஷன்களையும் பிரகடனங்களையும் அரசு தொகுதி தொகுதியாக அச்சிட்டு வைத்தது. இன்று அவை பழைய நூலகங்களில் மட்டும் அகப்படும் அபூர்வப் புத்தகங்கள்.

உயில் எழுதாமல் ஒரு கிறிஸ்தவர் இறந்துபோனால் சொத்து யாருக்கு? இதுதான் அந்தச் சட்டம் பதில் சொன்ன கேள்வி. அதுவரை ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு வழக்கம். அதை ஒழுங்குபடுத்துகிறோம் என்றுதான் சட்டம் வந்தது.

ஒழுங்கு எப்படி வந்தது தெரியுமா?

மகனுக்குச் சொத்து. மகளுக்கு ஸ்திரீதனம். அந்த ஸ்திரீதனம் எவ்வளவு? மகன் பங்கில் நாலில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய். இந்த இரண்டில் எது குறைவோ அது!

ஒரு மகன், ஒரு மகள் உள்ள வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சொத்து 20,000 ரூபாய் என்றால் மகனுக்கு 16,000, மகளுக்கு 4,000. சொத்து ஒரு லட்சம் என்றால்? மகனுக்கு 95,000, மகளுக்கு 5,000. பத்து லட்சம் என்றால்? மகனுக்கு 9,95,000. மகளுக்கு அதே 5,000. சொத்து எவ்வளவு வளர்ந்தாலும் மகளின் பங்கு அந்த இடத்தில் நின்றுவிடும்.

அதற்கும் ஒரு பூட்டு உண்டு. அப்பா உயிரோடு இருக்கும்போதே ஸ்திரீதனம் கொடுத்திருந்தால் மகளுக்கு மேற்கொண்டு எதுவும் கேட்க உரிமை இல்லை. கொடுத்திருக்கக்கூட வேண்டாம், கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தாலே போதும்!

கணவனை இழந்த மனைவிக்கோ, நிலத்தில் வாழும் காலம் வரை அனுபவ உரிமை மட்டும். மறுமணம் செய்துகொண்டால் அதுவும் போய்விடும்.

1888 முதலே சட்டசபை கண்ட சமஸ்தானம் திருவிதாங்கூர். இந்தியாவின் சுதேச அரசுகளில் அதுதான் முன்னோடி. ஆனால் 1916-ல் அந்தச் சபையில் ஒரு பெண் உறுப்பினர்கூடக் கிடையாது.

இதில் கவனிக்கவேண்டிய இன்னொரு பிரிவும் இருக்கிறது. லத்தீன் கத்தோலிக்கர்களில் சிலரும், குறிப்பிட்ட சில தாலுகாக்களில் வாழ்ந்த புராட்டஸ்டன்ட்களில் சிலரும் ஆண், பெண் பேதமில்லாமல் சமமாகவே பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். 'அவர்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது' என்று சட்டமே ஒதுக்கி வைத்தது. அதாவது, சமபங்கு என்பது யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து இறக்கிய புதுமை இல்லை. அன்றைக்கே இந்த மண்ணில் நடைமுறையில் இருந்த வழக்கம்தான் அது.

அதே காலம், பக்கத்து வீட்டுச் சண்டை

சொத்துச் சட்டம் குடும்பத்தை எப்படிப் படுத்தும் என்பதற்கு அந்த நாளில் கிறிஸ்தவர் வீடு மட்டும் சாட்சி இல்லை. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள் வழி இருந்தது. ஒருவர் இறந்தால் சொத்து மனைவி, மக்களுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்குப் போகும். கணவன் கண்மூடிய அன்றே மனைவியும் பிள்ளைகளும் அடுத்தவர் தயவை எதிர்பார்க்கவேண்டிய நிலை.

தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இதைக் கேலி செய்து 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதினார். 'தமிழன்' இதழில் 1917-18-ல் தொடராக வந்தது. பல தாரம் கட்டிய ஒரு காரணவரின் மனைவி, தன் துயரத்தைத் தானே சொல்லும் பாட்டு அது. ஊர் சிரித்தது. சிரித்தவர்களுக்கே உறுத்தியது. சமுதாயத்துக்குள்ளேயே கிளர்ச்சி வளர்ந்தது. கொல்லம் 1101-ல், அதாவது 1926-ல், நாஞ்சில் நாட்டு வேளாளர் ரெகுலேஷன் வந்து மருமக்கள் வழிக்கு முடிவு கட்டியது.

பத்தே வருஷத்தில் ஒரு பழைய வழக்கம் சாய்ந்தது. 1092-ன் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்துக்கோ அப்படி ஒரு கவிமணி வாய்க்கவில்லை. அது அசையாமல் இருந்தது.

1951: யாரும் அழாத ஒரு சாவு

நாடு சுதந்திரம் அடைந்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் 1949-ல் இணைந்தன. அரசியல் சாசனம் வந்ததும் அது 'பி' பிரிவு மாநிலம் ஆனது. பழைய சமஸ்தானங்களில் ஆளுக்கொரு சட்டம் இருந்ததால், மத்தியச் சட்டங்களை அங்கெல்லாம் கொண்டுசெல்ல நாடாளுமன்றம் 1951-ல் ஒரு சட்டம் போட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி முதல், 1925-ன் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 'பி' பிரிவு மாநிலங்களுக்கும் வந்தது. அதற்கு இணையான உள்ளூர்ச் சட்டங்கள் ரத்து.

இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் கணக்கு எளிது. உயில் இல்லாமல் ஒரு கிறிஸ்தவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வித்தியாசம் இல்லை.

அப்படியானால் 5,000 ரூபாய்ச் சட்டம் அன்றோடு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. கிறிஸ்தவர்களுக்கென்று இருந்த தனிச் சட்டம் தப்பிவிட்டது என்று வாதம் வந்தது. 1950-களில் திருவிதாங்கூர்-கொச்சி உயர் நீதிமன்றமே, பழைய சட்டம் உயிரோடுதான் இருக்கிறது என்று சொன்னது. பிறகு யார் கேட்பது? பங்கு பிரிக்கும் மேஜையில் மகளுக்கு நாற்காலி போடப்படவில்லை. சமஸ்தானம் போனது, அரசர் போனார், மாநில எல்லை மாறியது. 1092 மட்டும் போகவில்லை.

ஊட்டி வீட்டிலிருந்து கிளம்பிய வழக்கு

பி.வி. ஐசக் பூச்சியியல் அறிஞர். கேரளத்து சிரியன் கிறிஸ்தவர். ஊட்டியில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. உயில் எழுதாமல் இறந்துபோனார்.

1960-களில் அவருடைய மகள் மேரி ராய், கணவரைப் பிரிந்து இரண்டு சின்னக் குழந்தைகளோடு அந்த வீட்டுக்கு வந்து தங்கினார். அம்மாவும் அண்ணனும் வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். திருவிதாங்கூர்ச் சட்டப்படி அப்பா சொத்தில் மகளுக்கு உரிமை இல்லை என்பது அவர்கள் சொன்ன நியாயம். குழந்தைகளோடு வழக்கறிஞரிடம் ஓடினார் மேரி. அங்கே கிடைத்த பதில்: அந்தச் சட்டம் திருவிதாங்கூரில்தான் செல்லும், ஊட்டியில் செல்லாது!

அன்று கூட இருந்த இரண்டு குழந்தைகளில் இளையவர்தான் பின்னாளில் எழுத்தாளர் ஆன அருந்ததி ராய். 2025-ல் வெளிவந்த தன் நினைவு நூலில் அவர் இதைச் சொல்லியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். ஊட்டியும் தமிழ்நாடு, திற்பரப்பும் தமிழ்நாடு. ஊட்டியில் இருந்த வீட்டுக்கு ஒரு நியாயம், திற்பரப்பு ரப்பர் விளைக்கு வேறு நியாயம். காரணம், ஒன்று என்றைக்கும் ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணம். மற்றொன்று பழைய திருவிதாங்கூர்.

மேரி ராய் பிறகு கோட்டயம் போனார். 1967-ல் பள்ளி தொடங்கினார். இப்போது அதன் பெயரே 'பள்ளிக்கூடம்'. 1983-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மகளுக்கு ஒரு பங்கு, மகனுக்கு ஒரு பங்கு என்பது அரசியல் சாசனம் சொல்லும் சமத்துவத்துக்கு விரோதம் என்பது அவருடைய மனு. வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் வாதாடினார்.

1986 பிப்ரவரி 24-ஆம் தேதி தலைமை நீதிபதி பி.என். பகவதி, நீதிபதி ஆர்.எஸ். பதக் அமர்வு தீர்ப்பு சொன்னது. சமத்துவம் பற்றிய பெரிய கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. அதற்கு அவசியமே வரவில்லை. 1951 ஏப்ரல் 1-ஆம் தேதியே பழைய சட்டம் ரத்தாகிவிட்டது, அன்று முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் என்று முடித்துவிட்டது.

அதாவது, 35 ஆண்டுகளாக இல்லாத ஒரு சட்டத்தைச் சொல்லித்தான் மகள்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்புக்குப் பிறகு கிளம்பிய புயல்

தீர்ப்பு சிறியது, அதிர்ச்சி பெரியது. 1951-லிருந்தே மகள்களுக்குச் சமபங்கு உண்டு என்றால், நடுவில் மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்ற நிலம் என்ன ஆவது? வங்கியில் அடமானம் வைத்த பிரமாணம் செல்லுமா? அக்கா, தங்கைகள் எல்லாரும் வழக்குப் போட்டால் குடும்பங்கள் உடைந்துபோகாதா? கேரளத்தில் இதுவே பேச்சாக இருந்தது.

திருச்சபைகளின் தரப்பிலிருந்து கடுமையான எதிர்ப்பு வந்தது. மகளுக்குப் பங்கு போகாதபடி உயில் எழுதுவது எப்படி என்று சில இடங்களில் விளக்கக் கூட்டங்களே நடந்தன. தீர்ப்பின் பின்னோக்கிய விளைவைத் தடுக்க, நாடாளுமன்றத்தில் பி.ஜே. குரியன் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1994-ல் கேரள அரசே, செத்துப்போன சட்டத்துக்கு மீண்டும் உயிர் கொடுக்க ஒரு மசோதா தயாரித்தது. அரசியல் கட்சிகளுக்கு ஓட்டுக் கணக்கு. மகள்களின் ஓட்டும் அதில் உண்டு என்பது மட்டும் ஏனோ யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அந்த மசோதா எதுவும் சட்டமாகவில்லை. தீர்ப்பு நின்றது. பயந்தபடி குடும்பங்கள் எல்லாம் நீதிமன்றத்தில் வரிசை கட்டவும் இல்லை. மகள்களில் பெரும்பாலோர் அண்ணன், தம்பி மீது வழக்குப் போடத் துணியவில்லை என்பதுதான் உண்மை. பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போகுமே என்ற பயம் சட்டத்தைவிடப் பெரியது.

மேரி ராய்க்கே தன் பங்கு உடனே கைக்கு வரவில்லை. உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் கோர்ட் படி ஏறி இறங்கினார். 2022 செப்டம்பர் 1-ஆம் தேதி காலமானார்.

இந்துக் குடும்பங்கள் மட்டும் விதிவிலக்கா?

'அது கிறிஸ்தவர்கள் விஷயம்' என்று மற்றவர்கள் தள்ளிவிட முடியாது. இந்துக் கூட்டுக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் பிறப்பிலேயே மகனுக்கு இருந்த உரிமை, தமிழ்நாட்டில் மகளுக்கு வந்தது 1989-ல். அப்போதும், அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை என்று ஒரு கோடு போட்டார்கள். 2005 செப்டம்பர் 9-ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டு அந்தக் கோடு அழிந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பல ஆண்டுகள் குழப்பம். 2020 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, வினீதா சர்மா வழக்கில், அப்படி இருக்கவேண்டிய அவசியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

மதம் வேறு, சட்டம் வேறு, தேதி வேறு. வீட்டுக்குள் கேட்கும் வாக்கியம் மட்டும் ஒன்றுதான்: 'உனக்குத்தான் கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சே!'

கையெழுத்துப் போடும் முன்...

1092-ன் சட்டத்தில் ஸ்திரீதனம் வாங்கிய மகளுக்குப் பங்கு இல்லை. அது அன்றைய சட்டம். இன்றைக்கு எந்தப் பாகப் பிரிவினையிலும், 'நகை போட்டோம், வரதட்சணை கொடுத்தோம்' என்பது மகளின் வாரிசு உரிமையை அழித்துவிடாது. சொல்லப்போனால், 1961-ன் வரதட்சணைத் தடைச் சட்டப்படி வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். குற்றமான ஒரு காரியத்தையே காரணமாகக் காட்டி உரிமையை மறுப்பது எந்த ஊர் நியாயம்?

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, உயில். சமபங்கு என்பது உயில் இல்லாதபோதுதான். அப்பா தன் பெயரில் உள்ள சொத்தை முறைப்படி உயில் எழுதி மகன்களுக்கு மட்டும் வைத்துவிட்டால் கதை வேறு. உயில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதைக் கண்ணால் பாருங்கள். நகல் கேளுங்கள்.

இரண்டாவது, விடுதலைப் பத்திரம். 'சும்மா ஒரு கையெழுத்து, பட்டா மாற்றணும்' என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைப்பார்கள். அந்தக் காகிதம் உங்கள் பங்கை முழுசாக விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். பதிவான பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. அன்போடு விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள்.

மூன்றாவது, பழைய பிரமாணம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தாத்தா காலத்துப் பத்திரம் மலையாளத்தில் இருந்தால், படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு ஒரு முறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வந்துவிடும். 1951 ஏப்ரல் 1-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்து என்றால், 5,000 ரூபாய்க் கணக்கு அங்கே செல்லாது. அப்புறம் ஒரு நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள், தள்ளிப்போடாமல்.

மூலம் திருநாள் காலத்து அணை இன்னும் தண்ணீர் தருகிறது. கோதையாறு திற்பரப்பில் விழுந்துகொண்டே இருக்கிறது. அவர் காலத்து வாரிசுச் சட்டம் 1951-லேயே போய்விட்டது. ஆனாலும் பங்கு பிரிக்கும் நாளில் பல வீடுகளில் அது கூப்பிடாமலே வந்து நடு வீட்டில் உட்கார்ந்துகொள்கிறது.

'ஒனக்குள்ளதெல்லாம் அப்பவே தந்தாச்சுல்லா?' என்று யாராவது கேட்டால், கோபப்பட வேண்டாம், அழ வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

'அண்ணா, அது எந்தச் சட்டத்துல இருக்கு?'